டால்பின் குளம் ஏன் நம் ஊரில் இல்லை?

கடலில் முழுகி, நாழிக்கிணற்றில் குளித்து, திருச்செந்தூர் முருகனைக் கும்பிட்டுவிட்டு மணலில் வந்து உட்கார்ந்தால், குழந்தைகள் கேட்கிற கேள்விகளுக்கு அளவே கிடையாது. "அம்மா, டி.வி.யில பந்தைத் தட்டி விளையாடுதே டால்பின், அதை நம்ம ஊர்ல எங்கே பார்க்கலாம்?" என்பது அதில் ஒன்று. துபாயில் ஒரு சித்தப்பா இருந்துவிட்டால் போச்சு! அங்கே எடுத்த டால்பின் போட்டோ வந்து சேர்ந்ததும் நச்சரிப்பு இரட்டிப்பாகிவிடும்.

வண்டலூரில் புலியைக் காட்டலாம், முதலையைக் காட்டலாம். டால்பின் குளம் மட்டும் அங்கேயும் இல்லை, இந்தியாவில் வேறு எந்த மிருகக்காட்சி சாலையிலும் இல்லை. காசு இல்லாமல் அல்ல, சகோதரிகளே. ஒரு தடவை சூடு பட்டிருக்கிறோம். சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருந்த 'டால்பின் சிட்டி' என்ற பூங்காவுக்கு 1998-ல் பல்கேரியாவிலிருந்து டால்பின்களைக் கொண்டு வந்தார்கள். சில மாதங்களுக்குள்ளேயே அவை இறந்துவிட்டன.

இந்தக் குளங்களின் கதை அமெரிக்காவில் ஆரம்பிக்கிறது. 1938-ல் ஃப்ளோரிடாவில், கடலுக்குப் பக்கத்திலேயே, 'மரைன் ஸ்டூடியோஸ்' என்று ஒன்றைத் திறந்தார்கள். பெயரே சொல்கிறதே, சினிமாப் படம் பிடிப்பதற்காகக் கட்டியது! பெரிய தொட்டிகள், பக்கச் சுவர்களில் வரிசையாகக் கண்ணாடி ஜன்னல்கள், கடல் தண்ணீரையே பம்பு வைத்து இறைத்தார்கள். 1947-ல் அங்கே ஒரு டால்பின் குட்டியும் போட்டது. பிறகு 1961-ல் சிகாகோ நகரத்துப் புரூக்ஃபீல்டு மிருகக்காட்சி சாலையில், கடலுக்கு வெகு தொலைவில், உப்பைக் கலந்து செயற்கைக் கடல் நீர் தயாரித்து டால்பின்களை வளர்த்தார்கள். அதற்கப்புறம் கடல் இல்லாத ஊரிலும் குளம் கட்டலாம் என்று ஆகிவிட்டது.

உப்பைப் போட்டுக் கலக்கினால் கடல் ஆகிவிடுமா? வளர்ந்த டால்பின் ஒன்று தினம் ஆறிலிருந்து பத்து கிலோ மீன் சாப்பிடும். சாப்பிடுவதும் கழிவதும் அதே தண்ணீரில்தான். கடலில் அலை அடித்துக்கொண்டு போய்விடும். குளத்திலே மணல் வடிகட்டி, பம்பு, குளோரின் என்று ராத்திரி பகலாக வேலை நடக்க வேண்டும். மருந்து குறைந்தால் கிருமி; கூடினால் கண்ணும் தோலும் எரியும்.

இதைவிடப் பெரிய சங்கடம் சத்தம். டால்பின் காதால் 'பார்க்கிற' பிராணி. டிக் டிக்கென்று ஒலி எழுப்பி, அது மோதித் திரும்புவதை வைத்தே மீன் எங்கே, பாறை எங்கே என்று கண்டுபிடித்துவிடும். நம் காதுக்கு விநாடிக்கு 20,000 அதிர்வுகள் வரைதான் எட்டும். அதற்கு ஒரு லட்சத்துக்கு மேலும் கேட்கும். அப்பேர்ப்பட்ட காதை நாலு பக்கமும் சிமெண்ட் சுவருக்கு நடுவே, பம்பு இரைச்சலில் வைத்தால்? எவர்சில்வர் அண்டாவுக்குள் தலையை விட்டுக் கத்திப் பாருங்கள், கொஞ்சம் புரியும்.

"சிரிச்சுக்கிட்டுத்தானே இருக்கு?" என்பீர்கள். அது சிரிப்பல்ல, தாடை எலும்பின் வளைவு. உடம்புக்கு முடியாமல் கிடந்தாலும் அதே முகம்தான். நம் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் முகம் வாடியே காட்டிக் கொடுத்துவிடும். இதற்கு அந்த வழியும் இல்லை, பாவம்!

பிரிட்டனில் 1970-களில் ஏகப்பட்ட டால்பின் குளங்கள் இருந்தன. இவ்வளவு ஆழம், இவ்வளவு அகலம் வேண்டும் என்று விதிகளை இறுக்கியதும் ஒவ்வொன்றாக மூடினார்கள். 1993-ல் கடைசிக் குளமும் மூடப்பட்டது. நம் நாட்டிலும் கொச்சி போன்ற ஊர்களில் புதுக் குளங்களுக்குத் திட்டம் போட்டபோது எதிர்ப்புக் கிளம்பியது. 2013 மே மாதம் மத்திய மிருகக்காட்சி சாலை ஆணையம், டால்பின் காட்சிக் கூடங்களுக்கு அனுமதி தரக் கூடாது என்று மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. டால்பினை 'மனிதரல்லாத நபர்' என்றே கருத வேண்டும் என்றும் அதில் சொல்லியிருந்தது.

நபர் என்பது மிகையாகத் தெரியவில்லை எனக்கு. ஒரு வருஷம் சுமந்து பெற்று, பால் கொடுத்து, குட்டியை மூன்று வருஷத்துக்குக் குறையாமல் கூடவே வைத்துக்கொள்கிற தாய் அது. நம் தாமிரபரணி புன்னைக்காயலில் போய்ச் சேருகிற மன்னார் வளைகுடாவிலேயே இந்தக் கூட்டங்கள் உண்டு. நம் கரையில் அதற்கு ஓங்கில் என்று பெயர். 2016 ஜனவரியில் மணப்பாடு, ஆலந்தலை கரையோரம் எண்பதுக்கும் மேற்பட்ட திமிங்கலங்கள் ஒதுங்கியது நினைவிருக்கும். அவையும் டால்பின் குடும்பம்தான். மீனவர்கள் படகில் கட்டி ஆழக்கடலில் கொண்டு விட, பல திரும்பக் கரைக்கே வந்துவிட்டன. கூட்டத்தை விட்டுப் பிரியாத ஜாதி அது.

ஓங்கில் எதுவும் கரை ஒதுங்கிக் கிடப்பதைப் பார்த்தால் உடனே வனத்துறைக்குச் சொல்லி அனுப்புங்கள். வாலைப் பிடித்து இழுக்க விடாதீர்கள். உச்சந்தலையில் இருக்கிற துவாரம்தான் அதற்கு மூக்கு. அதில் தண்ணீரோ மணலோ போகக் கூடாது. முதுகில் ஈரத் துணியைப் போட்டு, பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.