தறிக்குழியருகே உறங்கும் பூனை

சங்க ஆய்வின் பொருட்டுச் சேலத்தை அடுத்த நெசவூர் ஒன்றிற்கு நாம் சென்றிருந்தோம். பாவிலிட்ட கஞ்சியை நாடி எலி வருமாதலால் அங்கத்தினர் ஒருவர் பூனை வளர்த்து வந்தார். அது குழித்தறியருகே கழிவு நூலின்மீது உறங்கிக் கிடந்தது. காதோரம் மயிர் உதிர்ந்து காசளவு வட்டம். அவர் மகளின் கழுத்திலும் அத்தகைய வட்டமே. பூனையைச் சாக்கிலிட்டு ஏரிக்கரையில் விட்டுவர அவர் புறப்பட்டுக்கொண்டிருந்தார். "எலியைக் காட்டிலும் குழந்தை பெரிதல்லவா, ஐயா?" என்றார். மறுக்க இயலவில்லை. ஆயினும் சற்றுப் பொறுக்குமாறு வேண்டினோம்.

படர்தாமரைக்குக் காரணம் புழுவன்று. தோல், மயிர், நகம் ஆகியவற்றிலுள்ள கெரட்டினை உண்டு வாழும் பூஞ்சையாகும். பூனைக்கும் நாய்க்கும் பெரும்பாலும் வருவது மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்னும் இனம். கேனிஸ் என்பது நாயைக் குறிக்குமெனினும் அதன் முதன்மை உறைவிடம் பூனையே. வெளிக்குறி ஏதுமின்றி இதைச் சுமக்கும் பூனைகளும் உண்டு.

எனினும் வட்டமெல்லாம் படர்தாமரையாகா. நாய்க்கு மயிர் உதிரச் சொறியுண்ணியும் காரணமாகலாம். நம் நாட்டு மக்களுக்கு வரும் படர்தாமரையோ பெரும்பாலும் மனிதரிடமிருந்தே தொற்றுகிறது. பழியனைத்தையும் பூனைமேற் சுமத்துதல் முறையன்று. 1985-இல் தோன்றிய நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ, அண்மையிலுள்ள கால்நடை மருந்தகத்திலோ காட்டித் தெளிக. வுட் விளக்கின் ஒளியில் நோயுற்ற மயிர் இளம்பச்சையாய் ஒளிர்வதுண்டு. ஒளிராமையால் மட்டும் நோயில்லையெனத் துணிதலாகாது.

1958-இல் கினிப்பன்றிகளுக்குக் கிரிசியோபல்வினை உட்கொள்ளக் கொடுத்து ஜென்டில்ஸ் என்பார் குணங்கண்ட பின்னரே இந்நோய்க்கு உள்மருந்து வழக்கிற்கு வந்தது. இக்காலத்தில் பூனைகளுக்கு இட்ரகோனசோல் மிகுதியும் தரப்படுகிறது. வாரக்கணக்கில் கொடுத்தல் வேண்டும். மயிர் முளைத்ததும் தாமாக நிறுத்தலாகாது. வண்டிமசை, மண்ணெண்ணெய், பினாயில் இவற்றைப் பூசுவோர் உளர். பூனை தன் மேனியை நக்கும். பினாயில் அதற்கு நஞ்சு.

உதிர்ந்த மயிரில் பூஞ்சை வித்துக்கள் ஓராண்டுக்கு மேலும் உயிர்த்திருக்கும். ஆகையால் பூனையை மட்டும் அகற்றிப் பயனில்லை. கழிவு நூலை எரித்து, விரிப்புக்களைத் துவைத்து, தரையை நாள்தோறும் துடைத்து, குணமாகும்வரை பூனையைத் தனியறையில் வைக்கச் சொன்னோம்.

நம்மைப் பெரிதும் வருத்தியது மாடத்திலிருந்த களிம்பு. கடையில் கேட்டு வாங்கியது, ஸ்டீராய்டு கலந்தது. அரிப்பை அடக்கி, வட்டத்தைப் பரவவிடும் வகை. சிறுமியை மறுநாளே தோல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றனர்.

அடுத்த ஆய்வின்போது பூனையின் காதில் மயிர் அடர்ந்திருந்தது. களிம்பு பூசிய கழுத்து தெளிய மேலும் இரு திங்கள் ஆயின.