பச்சையாகக் கக்கினால் பாட்டி வைத்தியம் வேண்டாம்

பிறந்த பிள்ளை பால் கக்கினால், "செரிக்கல, ஓமத்தண்ணி குடு" என்று நம் பாட்டிமார் சொல்லிவிடுவார்கள். வெள்ளையாகக் கொஞ்சம் கக்கினால் பெரும்பாலும் பயமில்லை. பச்சையாகக் கக்கினால் சங்கதி வேறு. அது பித்தநீர், குடலில் வழி அடைபட்டிருக்கலாம்.

டவுன் சின்ட்ரோம் பிள்ளைகளை இன்னும் கவனமாகப் பார்க்கவேண்டும். 21ஆவது குரோமோசோம் கூடுதலாக அமைவதால் வருவது அது. தாய்மேல் குற்றமில்லை, கிரகணத்தின் மேலும் இல்லை. இவர்களில் சிலருக்கு இரைப்பையை அடுத்த முன்சிறுகுடல் அடைபட்டே இருக்கும். அந்த அடைப்போடு பிறக்கும் பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று டவுன் சின்ட்ரோம் பிள்ளைதான். வேறு சிலருக்குப் பெருங்குடலின் கடைசியில் நரம்பணு இராது. 48 மணி நேரமாகியும் கருமலம் போகாது, வயிறு உப்பிவிடும்.

ஆப்பரேஷன் செய்தால் பிழைக்கும். "இந்தப் புள்ளைக்கு எதுக்கு ஆப்பரேஷன்?" என்று கேட்பவர்களும் உண்டு. அமெரிக்காவின் இண்டியானாவில் 1982 ஏப்ரலில் இப்படி ஒரு பிள்ளை பிறந்தது. உணவுக்குழாய் இரைப்பையோடு சேரவில்லை. பெற்றோர் ஆப்பரேஷன் வேண்டாம் என்றார்கள், கோர்ட்டும் தடுக்கவில்லை. ஆறே நாளில் பிள்ளை போய்விட்டது. அந்தக் கொதிப்பில் 1984இல் அங்கே சட்டமே வந்தது.

நாளைக்குப் பெரட்டு இருக்கே என்று தள்ளிப்போடாதீர்கள். கக்கிய துணியையும் கையோடு கொண்டுபோங்கள். நிறத்தை டாக்டர் பார்க்கட்டும்.