வலிப்பு வந்த குழந்தைக்கு நாம் செய்ய வேண்டியது

காய்ச்சலோடு தாயின் மடியில் கிடந்த குழந்தை திடீரென விறைக்கிறது. கண்கள் மேலே செருகுகின்றன. கைகால்கள் வெட்டி இழுக்கின்றன. வாயில் நுரை தள்ளுகிறது. வீடே அலறுகிறது. ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணிக்கிறார். ஒருவர் பற்களுக்கிடையே கரண்டியை நுழைக்கிறார். ஒருவர் தண்ணீர் புகட்ட வருகிறார். அன்பினால் செய்யும் இவை குழந்தைக்குத் தீங்காய் முடியலாம் என்பதை நாம் அறிந்திருக்கிறோமா?

6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகள் சிலருக்குக் காய்ச்சலின்போது வலிப்பு வருவதுண்டு. பார்க்க அச்சமூட்டினும், பெரும்பாலும் 5 நிமிடங்களுக்குள் தானாகவே நின்றுவிடும். இரும்புக்கு அதை நிறுத்தும் ஆற்றல் இல்லை. நாக்கை யாரும் விழுங்கிவிடுவதும் இல்லை. கரண்டியால் பல் உடையும். புகட்டும் தண்ணீர் மூச்சுக்குழலில் இறங்கினால் மூச்சடைக்கும்.

ஆகவே முதலில் கடிகாரத்தைப் பார்ப்போம். குழந்தையைத் தரையில் ஒருபக்கமாகச் சாய்த்துக் கிடத்துவோம். எச்சிலும் வாந்தியும் தாமே வழிந்துவிடும். தலைக்கடியில் மடித்த துணியை வைத்து, கழுத்துப் பட்டனைத் தளர்த்துவோம். கூரிய, சூடான பொருள்களை அகற்றுவோம். கைகால்களை அழுத்திப் பிடிக்க வேண்டா. வாயில் எதுவும் இடவே வேண்டா.

5 நிமிடங்களைத் தாண்டினாலும், நினைவு திரும்புமுன் மீண்டும் வந்தாலும், மூச்சுத் திணறினாலும், 6 மாதத்திற்குட்பட்ட சிசுவானாலும் தாமதமின்றி மருத்துவமனைக்கு விரைய வேண்டும். தமிழகத்தில் 108 எண்ணை அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும். முதன்முறை வந்த வலிப்பாயின், நின்ற பின்னரும் அன்றே மருத்துவரிடம் காட்டுதல் அவசியம்.

வலிப்பு நின்றதும் குழந்தை அயர்ந்து உறங்கும். ஒருக்களித்தபடியே கிடக்கட்டும், நன்கு விழித்த பின்னரே நீராகாரம் கொடுப்போம். காய்ச்சலைத் தணிக்கக் குளிர்ந்த நீரில் குளிப்பாட்ட வேண்டா. மெல்லிய ஆடையும், மருத்துவர் சொன்ன அளவு மருந்துமே போதும்.

காய்ச்சலின்றி அடிக்கடி வலிப்பு வருமாயின், அதற்குத் தொடர் சிகிச்சை தேவை. நன்றாயிருக்கிறதென்று நாமாக மாத்திரையை நிறுத்தலாகாது. அதைப் பேயின் வேலையென்று ஒதுக்குவோரும், ஊருக்கு மறைப்போரும் இன்றும் உளர். அது மூளையில் உண்டாகும் கோளாறே, தொற்றுநோயன்று.

மாற்கு நற்செய்தி 9-ஆம் அதிகாரத்தில், நிலத்தில் விழுந்து நுரைதள்ளிய மகனை ஒரு தந்தை இயேசுவிடம் கொண்டுவருகிறார். எவ்வளவு காலமாக இப்படி என்று ஆண்டவர் பரிவோடு வினவுகிறார். பின்னர் சிறுவனின் கையைப் பிடித்துத் தூக்கிவிடுகிறார். எத்தனை காலமாக, எத்தனை நிமிடம் என்றே மருத்துவரும் கேட்பார். கடிகாரம் பார்த்த தாயால் விடை சொல்ல முடியும். நம் பங்கிலுள்ள அத்தகைய குழந்தையை மறைக்கவோ விலக்கவோ செய்யாமல், மறைக்கல்வி வகுப்பிலும் விளையாட்டிலும் மற்றவர்களோடு சேர்த்துக்கொள்வோம். கைப்பிடித்துத் தூக்கிவிடும் பணி இன்று நம்முடையது.