கட்டடக் கலையா, சிவில் பொறியியலா?

பள்ளி இறுதித் தேர்வின் முடிவு வெளியானதும், மேற்படிப்புக்கு வழி கேட்டு மாணாக்கர் சிலர் தம் தமிழாசிரியரை நாடி வருவதுண்டு. அவர்களுள் "கட்டடம் கட்டும் படிப்பு வேண்டும்" என்று வருபவருக்கு விடை கூறுதல் சற்றுக் கடினம். அப்பெயரில் ஒரு படிப்பு இல்லை, இரண்டு உள்ளன. ஒன்று கட்டடக் கலை. மற்றொன்று சிவில் பொறியியல். படம் வரையத் தெரிந்தவன் முன்னதற்கு, கணக்கு வருபவள் பின்னதற்கு என்று உடனே தீர்ப்புக் கூறிவிடுவோரும் உளர். இத்தீர்ப்பில் உண்மை பாதிதான் உண்டு. அப்பாதியை நம்பிச் சேர்ந்து, இரண்டாம் ஆண்டில் மனம் நொந்து நிற்போர் உண்டு என்பதால், இரண்டின் இயல்பையும் சற்று ஆராய்தல் நன்று.

முதலாம் இராசராசன் காலத்தில், 1010ஆம் ஆண்டில் நிறைவெய்திய தஞ்சைப் பெரிய கோயிலில் வடிவமும் பாரமும் ஒரே மரபினரின் பொறுப்பாகவே இருந்தன. பெருந்தச்சர் என்னும் சொல் இரண்டையும் அடக்கியது. ஐரோப்பாவிலும் நெடுங்காலம் அவ்வாறே. பதினெட்டாம் நூற்றாண்டில்தான் பிரிவு தெளிவாயிற்று. பாலமும் சாலையும் அமைப்போர்க்கெனப் பாரிசில் 1747இல் ஒரு பள்ளி தோன்றியது. கோட்டை கட்டிய படைப் பொறியாளரினின்று தம்மை வேறுபடுத்தவே, இங்கிலாந்தின் ஜான் ஸ்மீட்டன் தம்மைச் 'சிவில்' பொறியாளர் என்று அழைத்துக்கொண்டார். ஆதலின் 'குடிசார் பொறியியல்' என்று தமிழில் வழங்குவதும் பொருத்தமே; அதில் கட்டடம் என்ற சொல்லே இல்லாமையும் நோக்கத்தக்கது. இலண்டனில் சிவில் பொறியாளர்க்கு 1818இலும், கட்டடக் கலைஞர்க்கு 1834இலும் தனித்தனிக் கழகங்கள் ஏற்பட்டன.

இன்று இவ்விருவர் பணியும் எங்ஙனம் வேறுபடுகின்றது? கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தை நோக்குக. 1998இல் கட்டி முடிக்கப்பெற்ற அக்கோபுரங்களின் உயரம் 452 மீட்டர், மாடிகள் 88. இரண்டு சதுரங்களை ஒன்றன்மேல் ஒன்று திருப்பி வைத்தால் தோன்றும் எட்டுமுனை விண்மீனை அடித்தளப் படத்தின் கருவாகக் கொண்டவர் சீசர் பெல்லி என்னும் கட்டடக் கலைஞர். இசுலாமியக் கலைக்கோலம் ஒன்றை அலுவலகமாக மாற்றுவதெப்படி, உள்ளே இருப்பவர்க்கு வெளிச்சம் எவ்வழி வரும், வருவோர் எங்கு நுழைவர் என்பன அவர் முன் நின்ற வினாக்கள்.

பொறியாளர் கண்டதோ நிலத்தின் அடியை. அங்குச் சுண்ணாம்புப் பாறை குகைகளோடு சீரற்றுக் கிடந்தது. முதலில் குறித்த இடத்தில் ஒரு பகுதி பாறைமேலும் மற்றொரு பகுதி மென்மண்மேலும் அமையும் என்று தெரியவே, கோபுரங்களை ஏறத்தாழ 60 மீட்டர் தள்ளி அமைத்தனர். பாறையைத் தொடாமல், சுற்றியுள்ள மண்ணின் உராய்வாலேயே பாரத்தைத் தாங்கும் ஆழ்தூண்கள் 100 மீட்டருக்கும் கீழே இறங்கின. அவற்றின்மேல் 4.5 மீட்டர் கனமுள்ள காங்கிரீட்டுத் தளம். 41, 42ஆம் மாடிகளை இணைக்கும் 58 மீட்டர் நீளப் பாலமும் கோபுரங்களோடு இறுகப் பிணைக்கப்படவில்லை. காற்றில் கோபுரங்கள் அசையும்போது நகர்ந்து கொடுக்குமாறு அமைந்தது. பார்ப்போர் புகழும் வடிவத்திற்குக் கலைஞர் காரணம். பார்ப்போர் காணாத ஆழத்திற்குப் பொறியாளர் காரணம். புகழை நாடும் இளைஞர் இதனை முன்கூட்டியே அறிதல் வேண்டும்.

கணக்கில் ஓர் உருப்படி விடுபட்டால் நேர்வது யாது என்பதற்குச் சிங்கப்பூரில் சான்றுண்டு. 1986 மார்ச் 15ஆம் நாள், சிராங்கூன் சாலையிலிருந்த நியூ வேர்ல்டு ஹோட்டல் என்னும் ஆறு மாடிக் கட்டடம் ஒரு நிமிடத்திற்குள் தரைமட்டமாயிற்று. 33 பேர் மாண்டனர். 17 பேர் இடிபாட்டிலிருந்து மீட்கப்பட்டனர். எரிவாயு வெடித்திருக்கலாம், அருகே தோண்டிய சுரங்கப்பாதை காரணமாகலாம் என்றெல்லாம் முதலில் ஐயம் எழுந்தது. விசாரணையில் வெளிப்பட்டதோ வேறு. உள்ளே இருக்கும் மாந்தர், பொருள்களின் எடையைக் கணக்கிட்டவர்கள், கட்டடம் தன்னையே சுமக்கும் எடையைச் சேர்க்கவில்லை! பதினைந்து ஆண்டளவில் நின்ற தூண்கள், பின்னர் ஏற்றிய சுமைகளும் சேர முறிந்தன. அதன் பயனாக, ஒரு பொறியாளரின் கணக்கைத் தொடர்பற்ற வேறொருவர் சரிபார்க்கும் முறை 1989ஆம் ஆண்டுச் சட்டத்தால் அங்கு ஏற்பட்டது.

இதனாற் கட்டடக் கலைஞரின் பிழை சிறிதென்று கொள்ளலாகாது. அது சத்தமின்றி வருத்தும். மேற்கு வெயில் முழுவதையும் வாங்கும் படுக்கையறையும், அடுத்த வகுப்பின் பேச்சு அப்படியே கேட்கும் வகுப்பறையும் யாரையும் கொல்வதில்லை; முப்பது ஆண்டு, நாற்பது ஆண்டு அவற்றில் இருப்போரை வாட்டுகின்றன. ஆசிரியர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

படிக்கும் முறையும் வேறு. பொறியியலில் கணிதம், விசையியல், மண்ணியல், நீரியல். காங்கிரீட்டுக் கட்டியை வார்த்து, 28ஆம் நாள் நசுக்கி அதன் வலிமையை அளத்தல். விடை பெரும்பாலும் சரி அல்லது தவறு. கட்டடக் கலையில் வரைகூடமே வகுப்பு. வாரக்கணக்கில் செய்த மாதிரியை ஆசிரியர் குழுவின் முன் வைத்து, அவர்கள் குறை கூறக் கேட்டு, விடிய விடியத் திருத்திச் செய்தல் வேண்டும். அழகாக வரையும் கை இருந்தும், பிறர் குறை கூறினால் தாங்காதவர்க்கு இஃது ஏற்றதன்று. சுமாராக வரைபவர் நன்கு தேறுவதும் உண்டு.

காலத்தையும் எண்ணுக. பொறியியற் பட்டத்திற்கு நான்காண்டு. கட்டடக் கலைக்கு முதுநிலையோடு ஐந்தாண்டு. மலேசியாவில் 1967ஆம் ஆண்டின் இரண்டு தனிச் சட்டங்கள் இவ்விரு தொழிலையும் ஆள்கின்றன. பட்டத்தின்மேல் சில ஆண்டுப் பயிற்சியும் தேர்வும் முடித்துப் பதிவு பெற்றவரே முழுத் தகுதியோடு கையொப்பமிடலாம். பொறியியலின் களம் அகன்றது. வெள்ளநீரையும் வண்டிகளையும் ஒருங்கே கொள்ளுமாறு 2007இல் கோலாலம்பூரில் திறந்த 9.7 கிலோமீட்டர்ச் சுரங்கம் அதன் வேலையே. ஆயுள் முழுதும் ஒரு வீடும் கட்டாத சிவில் பொறியாளர் பலர்.

மாணாக்கரின் மனத்தை அறிய எளிய வழி ஒன்றுண்டு. மழை நேரத்தில் பழைய கடைவீட்டின் ஐந்தடியில் நிறுத்தி, என்ன தோன்றுகின்றது என்று கேட்கலாம். நனையாமல் நடக்க இவ்வழியை யார் எண்ணினார், இங்கு ஏன் குளிர்ச்சி என்று வியப்பவர் ஒரு வகை. தலைக்குமேல் நிற்கும் மாடிச் சுவரை இந்தத் தூண் எப்படித் தாங்குகிறது, மழைநீர் எங்கே போகிறது என்று குனிந்து பார்ப்பவர் மற்றொரு வகை.

ஆயினும் இக்கேள்வியைத் தேர்வு முடிவு வந்தபின் கேட்பது காலங்கடந்ததாகும். கட்டடக் கலைக்குப் பல பல்கலைக்கழகங்கள் நேர்முகத் தேர்வும், மாணாக்கர் தாமே செய்த படைப்புகளின் தொகுப்பும் கேட்கின்றன. அத்தொகுப்பு ஒரு மாதத்தில் உருவாவதன்று. பொறியியலுக்கோ, நான்காம் படிவத்தில் பௌதிகத்தை விட்டவர்க்குப் பெரும்பாலும் கதவு அப்போதே அடைபட்டுவிடுகின்றது.