செகண்ட் ஹேண்ட் ஒர்க்ஸ்டேஷன் வாங்கலாமா?

போன வாரம் சேலையூர்ல இருந்து சித்தி போன் பண்ணாங்க. "தம்பிக்கு கம்ப்யூட்டர் வேணுமாம்டா. சீட்டுப் பணம் 35,000 வந்திருக்கு. எதை வாங்கட்டும்?"

தம்பி சிவில் இன்ஜினியரிங் மூணாவது வருஷம். அவன் ஏற்கெனவே முடிவு பண்ணிட்டான்: பழைய எச்பி இசட்420. "ஆறு கோர் ஜியான்ண்ணா, 32 ஜிபி ரேம்! புதுசுன்னா இந்தக் காசுக்கு ஐ3தான் வரும்."

அவன் சொல்றதும் நியாயம்தான். பெரிய கம்பெனிகள் சில வருஷத்துக்கு ஒருமுறை மெஷின்களை மாத்தும். கழிச்சதெல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு வரும். தாம்பரத்துல மின்சார ரயில் ஏறினா போதும், லட்ச ரூபா மெஷினை சல்லிசா தூக்கிட்டு வரலாம்.

ஆனா அந்த லட்ச ரூபா எதுக்குன்னு யோசிச்சிருக்கீங்களா? வெறும் வேகத்துக்கு இல்ல, நம்பகத்துக்கு. அதுல வர்ற ஈசிசி ரேம், 64 பிட் டேட்டாவுக்கு 8 பிட் கூடுதலா வச்சு, ஒரு பிட் தப்பினா தானே திருத்திக்கும். டிசைன் சாஃப்ட்வேர் கம்பெனிகள் அந்த மெஷின்ல சோதிச்சு சான்று தருவாங்க. ரிப்பேர்னா ஆள் தேடி வருவாங்க. செகண்ட் ஹேண்டா வாங்கும்போது ஈசிசி ரேம் கூடவே வரும். வாரண்டி வராது.

இனி வேகம். இசட்420ல போடுற ஜியான் இ5-1650 வி2, 2013ல வந்த சிப். ஆறு கோர், 130 வாட். 2022ல வந்த ஐ3-12100க்கு நாலு கோர்தான், அடிப்படை அளவு 60 வாட். ஆனா ஒரு கோரோட வேகத்துல இது ரொம்ப முன்னாடி போகும். ஆட்டோகேட் பெரும்பாலும் ஒரு கோரை நம்பித்தான் ஓடும். தம்பிக்கு முக்கியம் அதுதான். அந்த ஜியானுக்கு விண்டோஸ் 11 ஆதரவும் கிடையாது. விண்டோஸ் 10க்கு இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுபோச்சு.

கரண்ட் பில்லையும் பாருங்க. மெஷின் 200 வாட் இழுக்குது, தினம் 6 மணி நேரம் ஓடுதுன்னு வைங்க. ரெண்டு மாசத்துக்கு 72 யூனிட். 80 வாட்னா 29தான்.

இன்னொன்னு, நான் பட்டது. பிராண்டட் ஒர்க்ஸ்டேஷன்கள்ல பவர் சப்ளை பெரும்பாலும் தனி வடிவத்துல இருக்கும். ஒருமுறை என் பழைய மெஷின்ல அது போனப்போ கடைக்காரர் நீட்டின எதுவும் பொருந்தல. ப்ராஜெக்ட் சமர்ப்பிக்க மூணு நாள்தான் இருந்துச்சு. நண்பன் லேப்டாப்பைக் கெஞ்சி வாங்கி முடிச்சேன்.

"அப்போ மேக் மினி?"ன்னான் தம்பி. எம்4 மாடல் 2024ல வந்தப்பவே 59,900. அருமையான மெஷின், வீடியோ எடிட் பண்றவங்க தாராளமா யோசிக்கலாம். ஆனா இவனுக்குத் தேவையான ரெவிட் மேக்ல நேரடியா ஓடாது.

அதுக்காக பழைய ஒர்க்ஸ்டேஷன் யாருக்குமே வேண்டாம்னு சொல்லல. நெட்வொர்க்கிங், சைபர் செக்யூரிட்டி படிக்கிறவங்க ஒரே மெஷின்ல அஞ்சாறு வர்ச்சுவல் மெஷின் ஓட்டணும். அவங்களுக்கு ரேம்தான் உயிர். இசட்420ல எட்டு ரேம் ஸ்லாட், 64 ஜிபி வரை போடலாம். அங்கே அது ராஜா.

அதனால கடைக்குப் போறதுக்கு முன்னாடி, நீங்க தினம் திறக்கிற சாஃப்ட்வேர் மூணை எழுதி வைங்க. அதுக்குத் தேவை கோர் வேகமா, ரேமா, கிராஃபிக்ஸ் கார்டான்னு பாருங்க. அப்புறம் விலை கேளுங்க.

தம்பிக்கு ஐ3தான், 16 ஜிபியோட. ரேம் ஒரே ஸ்டிக்கா போட்டு ஒரு ஸ்லாட்டை காலியா விடச் சொல்லியிருக்கேன். அடுத்த சீட்டு விழட்டும், பார்த்துக்கலாம்!