சளி மாத்திரையும் பட்டாசு மருந்தும்

ஆனைக்குட்டம், சிவகாசி வட்டாரத்தில் "மருந்து" என்றால் இரண்டு பொருள் உண்டு. ஒன்று, டாக்டர் கொடுக்கும் மருந்து. மற்றொன்று, பட்டாசுக்குள் அடைக்கும் மருந்து.

முதல் மருந்தைச் சாப்பிட்டுவிட்டு இரண்டாவது மருந்தைத் தொடலாமா? யோசித்துத்தான் தொட வேண்டும்!

கண் சொக்குவது ஏன்?

ஜலதோஷம், தும்மல், அரிப்பு என்றால் பலர் கடையில் ஒரு மாத்திரை வாங்கி விழுங்குகிறார்கள். மூக்கு ஒழுகுவது குறைகிறது. கூடவே கண்ணும் சொக்குகிறது. என்ன காரணம்?

நம் உடம்பில் "ஹிஸ்டமின்" என்ற பொருள் இருக்கிறது. கொசு கடித்த இடம் தடித்து அரிப்பதற்கு இதுவே முக்கிய காரணம். இங்கிலாந்து விஞ்ஞானி ஹென்றி டேல் 1910-ம் ஆண்டிலேயே இதன் சக்தியை ஆராய்ந்தார். இதை அடக்கும் மருந்துகளுக்கு வழி காட்டிய டானியல் போவே, 1957-ம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார்.

மூளையின் காவல்காரர்கள்

ஹிஸ்டமினுக்கு இன்னொரு வேலையும் உண்டு. மூளையின் அடிப்பகுதியில், இதைச் சுரக்கும் செல்கள் கூட்டமாக இருக்கின்றன. 1984-ம் ஆண்டு விஞ்ஞானிகள் இந்தக் கூட்டத்தைக் கண்டறிந்தார்கள். மனித மூளையில் இவை சுமார் 64 ஆயிரம்தான். ஆனால் இவற்றின் இழைகள் மூளை முழுவதும் பரவி இருக்கின்றன.

நாம் விழித்திருக்கும்போது இவை சுறுசுறுப்பாக வேலை செய்யும். நம்மை விழிப்போடும் கவனத்தோடும் வைத்திருக்கும். நாம் தூங்கினால் இவையும் ஓய்ந்துவிடும்.

பழைய ரக மாத்திரைகள் மூக்கோடு நிற்பதில்லை. ரத்தத்தின் வழியே மூளைக்குள்ளும் புகுந்து, ஹிஸ்டமினின் வேலையைத் தடுக்கின்றன. காவல்காரன் விழித்திருந்தாலும் அவன் குரல் யார் காதிலும் விழாது! தூக்கம் வராதவர்களுக்குக்கூட கவனம் மந்தமாகலாம்.

ஒரு நொடி போதும்

பட்டாசு மருந்து சிறு உராய்விலும் தீப்பற்றும். அங்கே ஒரு நொடி கவனம் தவறினால், ஒருவருக்கு மட்டுமல்ல, பக்கத்தில் இருப்பவர்களுக்கும் ஆபத்து. மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

என்ன செய்யலாம்?

டாக்டரிடம் நோயைச் சொல்லும்போது, செய்யும் தொழிலையும் சொல்லுங்கள். "இது தூக்கம் வரவழைக்குமா?" என்று கேளுங்கள். தூக்கம் அதிகம் தராத புது ரக மாத்திரைகளும் இருக்கின்றன. மாத்திரையோடு மது கூடவே கூடாது.

மாத்திரை சாப்பிட்டு அசதியாக இருந்தால், மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு அன்று ஓய்வெடுங்கள். ஒரு நாள் கூலியைவிட உயிர் பெரிது!