சித்திர நகரில்: ஈரச் சுவரில் ஒரு பகற்பொழுது

பிளாரன்ஸ் நகரின் உபீஸி மாளிகையில் போட்டிசெல்லியின் வீனஸைக் காண்போம் என்று சென்ற வாரம் வாக்களித்திருந்தேன். எங்கள் கோஷ்டி ஆர்னோ நதியின் தென்கரைக்கு வந்து சேர்ந்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஆயின், வழியில் கார்மினே ஆலயத்துப் பிரான்காச்சி சந்நிதிக்குள் நுழைந்தவர்கள், மஸாச்சியோ என்னும் இளைஞன் சுவரில் எழுதிவைத்த சித்திரங்களின் எதிரே மெய்ம்மறந்து நின்றுவிட்டபடியால், இவ்வாரம் முழுவதும் அவனுக்கே உரியதாயிற்று.

மஸோலினோ என்ற மூத்த சித்திரக்காரரோடு கூடி அவன் இங்கே வேலை செய்தான். 1428-இல் ரோமாபுரியில் மாண்டபோது அவனுக்கு வயது 26.

எங்களை அழைத்துச் சென்ற அம்மையார், ஓர் உருவத்தைச் சுற்றி ஓடிய மெல்லிய விளிம்பு ஒன்றைச் சுட்டிக்காட்டி, "இது ஒரு நாளின் எல்லை" என்றார். சுண்ணாம்பும் மணலும் கலந்த சாந்தை அன்றன்று எழுதி முடிக்கக்கூடிய அளவுக்கு மாத்திரம் பூசி, ஈரம் உலருமுன் நீரில் குழைத்த வர்ணத்தை அதன்மேல் இட்டால், சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கிரகித்துக் கல்லாக இறுகும்போது, பசை ஏதும் வேண்டாமலே வர்ணமும் அக்கல்லுக்குள் சிறைப்பட்டுவிடுகிறது. மாலையில் எஞ்சிய பூச்சை அறுத்தெறிந்துவிட்டு மறுநாள் புதுப்பூச்சை அதனோடு இணைக்கும்போது, புதியது பழையதன் விளிம்பின்மேல் சிறிது ஏறுகிறது. ஆகவே எந்தத் தலை முந்தியது, எந்தக் கை பிந்தியது என்பதைச் சுமார் அறுநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் சுவரே அறிவிக்கிறது! கட்டட வேலையில் ஆயுளைக் கழித்த எங்கள் கோஷ்டிப் பெரியவர் ஒருவர், அவ்விளிம்பைவிட்டுக் கண்ணை எடுக்கவேயில்லை. பிழை நேர்ந்தால் சாந்தைக் கொத்தி எடுப்பதன்றி வேறு பரிகாரமில்லை. நீலம் போன்ற சில வர்ணங்களைச் சுவர் உலர்ந்தபின் பசை சேர்த்துத் தீட்டினார்கள்; அவையே முதலில் உதிர்ந்தன.

இந்த அவசரத்திலேதான் ஏவாளின் முகம் பிறந்தது. சுவர்க்கத்தினின்று துரத்தப்படும் அவளுக்குக் கண்கள் இரண்டு கரிய குழிகள், வாய் ஓர் ஓலத்தின் பள்ளம்; பக்கத்தில் ஆதாம் இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு நடக்கிறான். ஓய்வாக எழுதியிருந்தால் அம்முகம் அழகு பெற்றிருக்கும், துயரத்தை இழந்திருக்கும் என்பது என் துணிபு. பதினேழாம் நூற்றாண்டில் அவர்கள் நிர்வாணத்தின்மீது எழுதிய இலைகளை 1980-களில் நடந்த ஜீர்ணோத்தாரணத்தின்போது நீக்கினார்கள்.

மைக்கலாஞ்சலோ சிறுவனாக இங்கே வந்து இச்சித்திரங்களைப் பார்த்து எழுதிப் பழகியவர். அப்போது இங்கே உடன்பயின்ற டொரிஜானோ என்பவன் சண்டையில் விட்ட குத்தினால் நசுங்கிய மூக்கை அவர் ஆயுள் முழுவதும் சுமந்தார்.

மஸாச்சியோ விட்டுச்சென்ற சுவரை 1480-களில் பூர்த்தி செய்தவர் பிலிப்பினோ லிப்பி, போட்டிசெல்லியின் சிஷ்யர். சிஷ்யரின் உருவங்களைப் பார்த்தாயிற்று; குருவின் வீனஸ் அடுத்த வாரம்.